இம்பாலாவுக்கு .300 வேண்டுமா? உதைக்குப் பயந்தவன் கேட்கிறேன்

மானாமதுரைக்காரன்

வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் மிட்ராண்டுக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது, நிரந்தர வசிப்புரிமை கிடைத்து நான்கு வருடம். ஊரில் நான் கையில் எடுத்த பெரிய ஆயுதம் கவட்டை, அதிலும் ஓணானைத் தவிர எதையும் அடித்ததில்லை.

போன ஜூன் மாதம் வேலையிடத்து நண்பர்கள் தபாசிம்பி பக்கம் ஒரு வேட்டைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். எனக்குத் துப்பாக்கி கொடுத்த நண்பர் ஆறடி இரண்டு அங்குலம், நான் ஐந்தடி நான்கு. அவருடையது .300 வின்செஸ்டர் மேக்னம், சக்தி அதிகமான தோட்டா வகை. காலையில் அட்டையில் ஒரு தோட்டா சுட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டேன். துப்பாக்கி பின்னால் உதைத்த வேகத்தில், குறி பார்க்கிற ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து குத்தி ரத்தம் மூக்கு வரை இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் இரண்டாவது தோட்டாவைச் சுட மனசு வரவில்லை. "அட்டையில் பட்டுவிட்டது, போதும்" என்று கிளம்பிவிட்டோம்.

சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு கடா இம்பாலா மான், தொண்ணூறு மீட்டர் இருக்கும், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. நின்று சுடுவதற்கு ஊன்றுகிற மூன்று கால் கம்பில், அதாவது முக்காலியில், துப்பாக்கியை வைத்தேன். டிரிகரை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொண்டது எனக்கே தெரிந்தது. வெடிச் சத்தத்துக்குப் பிறகு ஈரத் தலையணையில் குத்தியது போல ஒரு சத்தம். மான் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. தடம் பார்க்கிற பெரியவர் ஒரு புல்லைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துக் காட்டினார், பச்சையாக இருந்தது, இரைப்பை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் தேடி, இருட்டின பிறகு டார்ச் வெளிச்சத்தில் பண்ணைக்காரருடைய குட்டி நாய்தான் கண்டுபிடித்தது. அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. நண்பர்தான் முடித்துவைத்தார்.

காயப்படுத்தினால் காசு கட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம், கட்டினேன், அதில் வருத்தமில்லை. ஆனால் அந்தப் புல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் .300 தான் வாங்கச் சொல்கிறார், "ஒரே துப்பாக்கி, முயலிலிருந்து ஈலாண்ட் மான் வரை" என்கிறார். டர்பன் மச்சான் .243 போதும் என்கிறார். ஒரு நண்பர் .308, இன்னொருவர் 6.5 கிரீட்மூர். மூன்றும் .300-ஐ விடச் சக்தி குறைந்தவை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போவேன். இம்பாலா, பிளெஸ்பாக் மான்கள், வார்ட்ஹாக் என்கிற காட்டுப்பன்றி, என்றைக்காவது குடு என்கிற பெரிய மான் ஒன்று. அந்த உதை பழகிவிடுமா, இல்லை நான் இதற்கு லாயக்கில்லாத ஆளா?

பெரியகுழல்

.300 வாங்குங்கள். உதை பழகிவிடும், எனக்குப் பழகியது. சின்னது வாங்கினால் குடு வரும்போது இன்னொன்று வாங்க வேண்டும், அதற்கு இன்னொரு லைசென்ஸ், இன்னொரு காத்திருப்பு. சக்தி அதிகமாக இருந்து யாரும் கெட்டதில்லை.

கரும்புக்காட்டுத் தாத்தா

மானாமதுரைத் தம்பி, வணக்கம். நான் நேட்டால் பக்கம் டோங்காட்காரன். எங்கள் தமிழ் சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். நாற்பது வருடத்துக்கு மேல் சுடுகிறேன். கரும்புத் தோட்டத்தில் ராத்திரி புஷ்பிக் என்கிற காட்டுப்பன்றி வந்து படுக்கை போட்டது மாதிரி பாத்தி பாத்தியாக மிதித்துவிட்டுப் போகும், அதைக் காவல் காக்கத்தான் முதலில் துப்பாக்கி எடுத்தேன்.

லாயக்கு பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தத் துப்பாக்கி உன் உடம்புக்குத் தைத்தது இல்லை. ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கிற கட்டை, அதாவது தோளில் வைக்கிற பின்பகுதி, உனக்கு நீளம். கட்டை நீளமாக இருந்தால் தோளில் சரியாகப் பொருந்தாது, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டே பார்ப்பாய், கண் ஸ்கோப்பின் மேலேயே போய் உட்காரும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே எட்டு ஒன்பது சென்டிமீட்டராவது வேண்டும். உனக்கு நாலு கூட இருந்திருக்காது. .308 ஆக இருந்தாலும் அந்தக் கட்டையில் உன் புருவத்தைத் தொட்டிருக்கும்; .300 அதையே கோபத்தோடு செய்தது, அவ்வளவுதான். கடைக்குப் போனால் முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துப் பார். ஆள்காட்டி விரல் முதல் கணு டிரிகரைச் சுலபமாகத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் கட்டையை வெட்டச் சொல். எந்தத் துப்பாக்கிப் பட்டறையிலும் ஒரு அங்குலம் குறைத்து ரப்பர் மெத்தை போட்டுத் தருவார்கள். இதைச் செய்யாமல் காலிபரைப் பற்றி, அதாவது எந்த அளவுத் தோட்டா என்று, பேசுவது, செருப்பு சைஸ் பார்க்காமல் தோல் நல்ல தோலா என்று கேட்கிற கதை.

அப்புறம் உதை. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .243 உதைப்பதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள், .308 ஏறக்குறைய இரண்டு பங்கு, .300 மேக்னம் மூன்று பங்கு. 6.5 கிரீட்மூர் .243-க்கும் .308-க்கும் நடுவில். இப்போது வருகிற மூன்று கிலோ இலேசுத் துப்பாக்கியில் .300 வாங்குகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், தோளில் சுமக்கச் சுகம், சுடும்போது கழுதை உதை.

இந்த மூன்று பங்கு உதைக்கு உனக்கு என்ன கிடைக்கிறது? தபாசிம்பி முள்காட்டில், இங்கே ம்குஸே, பொங்கோலா பக்கத்தில், எல்லாம் அறுபதிலிருந்து நூற்றைம்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். நூறு மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தால், இருநூறு மீட்டரில் .308-க்கும் .300-க்கும் தோட்டா இறங்குகிற வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். இம்பாலா கடாவே ஐம்பத்தைந்து அறுபது கிலோதான். எண்பது மீட்டரில் அதன் தோளில் .300 சாதாரண ஈயமுனைத் தோட்டா பட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு பக்கத்துச் சப்பை முழுக்க கருஞ்சிவப்பு ஜெல்லி மாதிரி ரத்தம் கட்டிவிடும், கத்தி வைக்கிற இடத்திலெல்லாம் அதுதான். பில்டாங்குக்கு, அதான் உப்புக்கண்டத்துக்கு, வைத்திருந்த கறி நாய்க்குப் போகும்.

என் துப்பாக்கி பழைய 7×57 மௌசர். இங்கிலாந்துக்காரர்கள் அதே தோட்டாவை .275 ரிக்பி என்பார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கொடுத்தது அந்த .275 தான். பெல் என்கிற வெள்ளைக்காரன் அதை வைத்து யானையே சுட்டான், ஆனால் அவன் யானைத் தலைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தவன், முழுக்கவச குண்டு போட்டவன், நீ அதைப் பார்த்துக் கிளம்பிவிடாதே. 1899இல் இங்கே ஆங்கிலேயரோடு தொடங்கிய போரில் டச்சு வழி வந்த போயர்கள் பிடித்திருந்ததும் இதே 7×57. ஸ்பியன் கோப் மலையில் அந்தத் தோட்டா பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கியது காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை, சுமார் 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், நம் ஆட்கள் அதில் நிறைய. சரி, எங்கேயோ போய்விட்டேன்.

7×57 வாங்கு என்று சொல்லவில்லை, இப்போது தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நீ புதிய ஆள், .308 எடு. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், உள்ளூர் பி.எம்.பி. தோட்டாவும் கிடைக்கும், நிறையச் சுட்டுப் பழகலாம். பழைய மஸ்கிரேவ் ரைபிள் ஒன்று நல்ல நிலைமையில் கிடைத்தால் விடாதே, புளூம்ஃபொன்டெய்னில் செய்தது, கனமாக இருக்கும், அந்தக் கனம் உனக்கு நல்லது.

சாட்ஸ்வர்த் அக்கா

தாத்தா சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் சாட்சி. நான் ஐம்பத்திரண்டு கிலோ. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரருடைய .30-06 கொடுத்தார்கள். "தோளில் இறுக்கிப் பிடி, ஒன்றும் ஆகாது" என்றார்கள். தோள் நீலமாகிப் போனது கூடப் பரவாயில்லை தம்பி, அதற்கப்புறம் ஒரு வருடம் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் கண் மூடும். உதை பழகுமா என்று கேட்டீர்களே, உடம்பு பழகும், பயம் பழகாது, பயம் ஊறும். உதையே தெரியாத சின்ன .22-இல் ஆறு மாதம் விடாமல் பழகினேன், பிறகுதான் 6.5 கிரீட்மூர். இப்போது ஃப்ரீ ஸ்டேட்டில் பிளெஸ்பாக் 180 மீட்டரில் சுடுகிறேன், காற்று இருந்தால் இன்னும் கிட்டே போவேன்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரு சோதனை. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், நண்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அவர்தான் துப்பாக்கியை ஏற்றித் தர வேண்டும், நீங்கள் பார்க்கக் கூடாது. சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை வெடிக்காத வெறும் டம்மி. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் சுடுங்கள், எல்லாத் தடவையும் நிஜத் தோட்டா இருக்கிறது என்று நினைத்தே பிடியுங்கள். டம்மி விழுந்து வெறும் கிளிக் என்று கேட்கும்போது குழல் முனை குலுங்கிக் கீழே போனால், நீங்கள் இத்தனை நாள் அப்படித்தான் சுட்டிருக்கிறீர்கள். யாராவது போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. முதல் தடவை நான் அந்த வீடியோ பார்த்தபோது ஊசி போடப் போகும் குழந்தை மாதிரி முகத்தைச் சுருக்கியிருந்தேன்.

வீட்டில் செய்வது: தோட்டா எல்லாம் வேறு அறையில். மூன்று தடவை திறந்து பார்த்த காலித் துப்பாக்கி. குழலின் மேல் ஒரு ஐம்பது சென்ட் நாணயம். நாணயம் விழாமல் டிரிகரை இழுக்க வேண்டும், ராத்திரிக்கு இருபது தடவை. மாமியார் டிவி பார்க்க நான் இதைச் செய்துகொண்டிருப்பேன், அவர் ஒன்றும் கேட்பதில்லை.

இன்னொன்று, சைலன்சர் போடுங்கள். இந்த நாட்டில் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், கடையில் வாங்கலாம். சத்தம் முழுக்கப் போகாது, காது கவசம் அப்போதும் வேண்டும், ஆனால் உதை நன்றாகக் குறையும், அந்த முகத்தில் அறைகிற வெடி போய்விடும். பாதிப் பயம் சத்தத்தால் வருவதுதான்.

.243 பற்றி மச்சான் சொன்னது தப்பில்லை. 100 கிரெயின் எடையுள்ள நல்ல தோட்டா, இம்பாலாவுக்கும் பிளெஸ்பாக்குக்கும் தாராளம். ஆனால் குடு கடா 220 கிலோவுக்கு மேலே, அதற்கு .243-உடன் போவது நான் செய்ய மாட்டேன்.

காகிதப்புலி

காலிபர் சண்டையை நீங்கள் போடுங்கள், நான் காகிதம் பற்றி மட்டும். அண்ணன் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர், வயது 21-க்கு மேல், ஆக தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் பயிற்சி, அப்புறம் அந்தச் சான்றிதழ், அப்புறம்தான் குறிப்பிட்ட துப்பாக்கிக்கான லைசென்ஸ். 2000-ஆம் வருடத்து 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, 16 அங்கீகாரம் பெற்ற வேட்டை, சுடுதல் சங்கங்களில் முறையாகப் பதிவான உறுப்பினர்களுக்கு. 15-இல் வாங்கினால் பத்து வருடம் செல்லும். முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும், இதை மறந்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் ஏராளம். தோட்டா ஒரு துப்பாக்கிக்கு 200-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உங்கள் பெயரில் இல்லாத காலிபர் தோட்டா ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது, வேட்டை முடிந்து பேன்ட் பாக்கெட்டில் தங்கிவிடுகிறது பாருங்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி விண்ணப்பம், தனியாக ஏன் தேவை என்று கடிதம், மாதக்கணக்கில் காத்திருப்பு. அதனால்தான் சொல்கிறேன், வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அவ்வளவையும் மறுபடி செய்ய வேண்டும். லைசென்ஸ்காரர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் அவருடைய துப்பாக்கியை நீங்கள் சுடலாம், சட்டம் 22-ஆவது பிரிவில் அனுமதிக்கிறது. ஆகவே வாங்கும் முன் நண்பர்கள் எல்லோருடையதையும் சுட்டுப் பாருங்கள்.

பெரியகுழல்

எல்லோரும் சேர்ந்து என்னை அடித்தது போதும். நான் கரூ என்கிற வறண்ட வெட்டவெளியில் சுடுகிறேன், ஸ்பிரிங்பாக் மான் 280 மீட்டரில் நிற்கும், மறைவதற்கு ஒரு முள் கூட இல்லை, குறுக்குக் காற்று. அங்கே வேகமும் கனமும் உதவும், தாத்தாவின் முள்காட்டுக் கணக்கு அங்கே செல்லாது. ஈலாண்ட் ஒன்று சாய்வாக நிற்கிறது, 700 கிலோ, தோளைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அப்போது .243-ஐ எடுப்பீர்களா?

கரும்புக்காட்டுத் தாத்தா

எடுக்க மாட்டேன். ஈலாண்டுக்கு உன் .300 தங்கம், அதை நீ நன்றாகச் சுடுகிறாய் என்றால். ஆனால் கேள்வி கேட்ட தம்பி கரூவுக்கும் போகவில்லை, ஈலாண்டுக்கும் போகவில்லை, தொண்ணூறு மீட்டரில் நின்ற இம்பாலாவை .300-ஆல் வயிற்றில் சுட்டான். அங்கே சக்தி குறைவாகவா இருந்தது? வயிற்றில் பட்டால் .375 ஆக இருந்தாலும் தேடத்தான் வேண்டும். காலிபரை விடத் தோட்டாவின் தரத்தையும் பட்ட இடத்தையும்தான் நான் பார்ப்பேன். .308-இல் 165 அல்லது 180 கிரெயின், மேலுறை ஈயத்தோடு பிணைத்த தோட்டா, குடுவின் தோள் எலும்பை உடைத்து உள்ளே போகும்.

தம்பி, குறி வைக்கிற இடம்: இந்த ஊர் மான்களுக்கு இதயம் நீ நினைப்பதை விட முன்னாலும் கீழேயும் இருக்கும். முன்னங்காலின் நடுவிலேயே மேலே ஏறு, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நில்லு. காலுக்குப் பின்னால் போகாதே, பின்னால் போனால் புல்லில் பச்சை.

ஒன்று செய். கோயிலில் பிரசாதம் தருகிற சின்னக் காகிதத் தட்டு இருக்கிறதே, ஒரு சாண் கூட வராது, அதை நூறு மீட்டரில் கட்டு. பெஞ்சில் உட்கார்ந்து சுடாதே, முக்காலியில் துப்பாக்கியை வைத்து நின்று சுடு. இடைவெளி விட்டு, மெதுவாக, பத்துத் தோட்டா. எந்தத் துப்பாக்கியில் ஒன்பது தட்டுக்குள் விழுகிறதோ அதை வாங்கு. எந்தத் துப்பாக்கி என்று எனக்கு வந்து சொல்லவும் வேண்டாம்.

மானாமதுரைக்காரன்

சொல்லத்தான் வந்தேன் தாத்தா. மூன்று வாரம் ஆயிற்று, ரேஞ்சில் நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்தேன். பிரிடோரியா பக்கம் கோயிலிலிருந்து பத்துத் தட்டு கேட்டு வாங்கிப் போனேன், எதற்கு என்று கேட்டார்கள், சொல்லவில்லை.

.243: பத்துக்குப் பத்து. எனக்கே ஆச்சரியம். .308 ஒரு பழைய கனமான துப்பாக்கி, சைலன்சரோடு: ஒன்பது, ஒன்று விளிம்பைக் கிழித்தது, அதைச் சேர்த்துத்தான் ஒன்பது, பொய் சொல்ல மாட்டேன். .300: நாலு. நாலும் முதல் நாலு தோட்டா இல்லை, ஒன்று விட்டு ஒன்று. டம்மி வைத்துச் சுட்டேன், அக்கா சொன்ன வீடியோவையும் எடுத்தார்கள். கிளிக் என்று கேட்டபோது குழல் முனை ஒரு ஜாண் கீழே போகிறது, கண் இரண்டும் இறுக்க மூடியிருக்கிறது, வலது தோள் முன்னால் குதிக்கிறது. துப்பாக்கி கொடுத்த அதே ஆறடி நண்பர் பக்கத்தில் நின்றார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு அவரும் டம்மியோடு சுட்டார். அவருக்கும் குழல் கொஞ்சம் ஆடியது. "இது உங்களுக்கு வேண்டாம்" என்றார், அவருக்கு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

.308 தான். மஸ்கிரேவ் ஒன்று பார்த்திருக்கிறேன், கட்டையை முக்கால் அங்குலம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்தாயிற்று. லைசென்ஸ் எப்போது வருமோ, வந்தாலும் புரட்டாசியில் வீட்டில் கறி நுழையாது, ஆக அடுத்த குளிர்காலம்தான்.

காகிதப்புலி அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். துப்பாக்கிப் பெட்டியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்கிறார்கள். நான் இருப்பது வாடகை ஃபிளாட். வீட்டுக்காரரிடம் என்னவென்று சொல்லி ஓட்டை போடுவது?

காகிதப்புலி

உள்ளதைச் சொல்லுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாங்கிய கடிதத்தில் ஒரு நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள். பெட்டி இந்த நாட்டுத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.ஏ.பி.எஸ். 953 தரத்தில் இருக்க வேண்டும், வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று கதவின் உள்பக்கம் பாருங்கள். போலீஸ் வந்து பார்ப்பார்கள். செங்கல் சுவராகப் பார்த்துப் போடுங்கள், ஜிப்சம் தடுப்பில் போட்டுவிட்டு ஒருவர் எனக்குப் போன் செய்தார், பெட்டியோடு சுவரும் கையில் வந்துவிட்டதாம்.

சாட்ஸ்வர்த் அக்கா

தம்பி, அந்த .243 பத்துக்குப் பத்தையும் மறந்துவிடாதீர்கள். என் மகளுக்குப் பதினாறு வயது, அவளுக்கு அது வேண்டும். உங்கள் மச்சான் எப்போதாவது விற்கிற யோசனையில் இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். லைசென்ஸ் என் பெயரில்தான் எடுப்பேன், பக்கத்தில் நான் நிற்பேன்.